எலி வாங்கும் முன் கூளம் வாங்குங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பிள்ளைக்கு ஒன்பது வயது. சித்திரை மாதம் ஒருநாள் சாயங்காலம் லவ் பேர்ட்ஸ் கூண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்தாள். உள்ளே இரண்டு வெள்ளைச் சுண்டெலிகள்.

“ஆச்சி, நீங்க எலி வேலதான பாத்தீங்க? இது ரெண்டும் வந்ததுல இருந்து ஒரே மூலையிலயே இருக்கு. வெளையாடவே மாட்டேங்கு.”

எலி வேலை என்று அவள் சொன்னது சரிதான். மருந்தியல் கல்லூரி ஒன்றின் விலங்குக் கூடத்தில் 1994 முதல் 28 ஆண்டுகள் வேலை பார்த்தேன். எலிக்குத் தீனி வைப்பது, தொட்டி கழுவுவது, கூளம் மாற்றுவது, குட்டிகளைப் பிரிப்பது, எடை எழுதுவது. ஓய்வு பெற்ற பிறகும் கை அந்த வேலையை மறக்கவில்லை. கூண்டை வாங்கித் திண்ணையில் வைத்துக் குனிந்து பார்த்தேன். விளையாடாததற்குக் காரணம் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அந்தக் கூண்டுக்குத் தரையே இல்லை.

பறவைக் கூண்டின் அடியில் கம்பி வலை இருக்கும். எச்சம் கீழே தட்டில் விழுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். பறவைக்கு அது சரி, அது நாள் முழுக்கக் குச்சியில் உட்கார்ந்திருக்கும். எலி என்ன செய்யும்? அதன் பாதம் மிகச் சின்னது. கம்பிக்குக் கம்பி கால் வைத்து நடக்க வேண்டும், வழுக்கினால் கால் உள்ளே போகும். ஒன்றுக்குப் பின்னங்கால் வீங்கிச் சிவந்திருந்தது. கூண்டில் தட்டையான இடம் என்று இருந்தது தீனி வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் மட்டும்தான். இரண்டும் அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, அரிசிமேலேயே மூத்திரம் பெய்துகொண்டு உட்கார்ந்திருந்தன. கீழ்த்தட்டில் போட்டிருந்த செய்தித்தாள் நனைந்து, கிட்டே போனாலே மூக்கில் ஏறியது.

எலி ஜோடி 150 ரூபாய், கூண்டு 450 ரூபாய். “இதுலயே போட்டுக்கோங்க, ஈசியா க்ளீன் பண்ணலாம்” என்று கடைக்காரர் சொன்னாராம். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் இப்போது ஹாம்ஸ்டர், வெள்ளை எலி என்று ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள், பெற்றோரும் நாய் பூனையை விடச் செலவு குறைவு என்று வாங்கிக் கொடுக்கிறார்கள். எலியைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் நிற்பவர்கள் அது எதன்மேல் நடக்கும், எதற்குள் படுக்கும் என்று அரை நிமிடம்கூட யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் கூளத்தை வாங்க வேண்டும், அப்புறம் பெட்டி, கடைசியில்தான் எலி.

கூளம் என்றால் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். கோழிக்கு ஆழ்கூளம் போடுவது போல எலிக்கும் ஆழமாகப் போட வேண்டும். நாங்கள் கல்லூரியில் ‘பெட்டிங்’ என்போம். படுப்பது மட்டுமா அதன் வேலை? எலிக்குக் கூளம் தரை, சுவர், கூரை, போர்வை, கழிப்பறை எல்லாமும். சுண்டெலி வளையில் வாழப் பிறந்த உயிர். 30 கிராம் எடை, நிமிடத்துக்கு 600 தடவைக்கு மேல் அடிக்கும் இதயம், தன்னைத் தின்ன வரும் பூனை, பாம்பு, ஆந்தை. அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு தோண்டி உள்ளே போய் ஒளிவது. தோண்ட முடியாத இடத்தில் விட்ட எலி நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கிற எலிதான்.

விலங்குக் கூடத்தில் எலிக்கு நாங்கள் கொடுத்த இடம் பெரிது என்று சொல்ல மாட்டேன். ஆய்வு விலங்குகளுக்கான அரசுக் குழுவின் வழிகாட்டுதலில் 25 கிராமுக்கு மேல் எடையுள்ள ஒரு சுண்டெலிக்குக் குறைந்தது 96.7 சதுர சென்டிமீட்டர் தரை என்று இருக்கும். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வராத ஒரு சதுரம் அது, உள்ளங்கை அகலம். மனிதர்களின் மருந்துக்காக உயிரைக் கொடுக்கும் எலிக்கு அவ்வளவுதான் இடம் என்பது எனக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. ஆனால் அங்கேயும் தரை தட்டையாக இருந்தது. கொதிநீராவியில் சுத்தம் செய்து உலர்த்திய உமி இருந்தது. வாரம் இரண்டு முறை மாற்றினோம். ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கிய எலிக்கு அதுகூட இல்லையே என்றுதான் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து எனக்கு வருத்தமாக இருந்தது.

சரி, என்ன கூளம் போடுவது? இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

1997-ல் ஒரு ஐப்பசி. விடாத மழை. உமி கொடுக்கும் அரிசி ஆலையில் எல்லாம் நனைந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். நான் பேக்கிங் பெட்டி அடிக்கும் பட்டறை ஒன்றில் போய்ப் பைன் மரச் சீவல் இரண்டு மூட்டை வாங்கிவந்து போட்டேன். சுருள் சுருளாக, வெள்ளையாக, பார்க்கவே அழகு. கூடம் முழுக்க நல்ல மணம். மூத்திர நெடியே தெரியவில்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள். பத்து நாள் கழித்து மாணவர்களின் செய்முறை வகுப்பு. தூக்க மருந்து கொடுத்து எலி எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று குறிக்கும் பரிசோதனை. பென்டோபார்பிட்டோன் அளவு எப்போதும் போலத்தான். எலிகள் சீக்கிரம் சீக்கிரமாக எழுந்துவிட்டன. மருந்து பழசோ, எடை தப்போ என்று மாணவர்கள் திண்டாடினார்கள்.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, “அடியில என்னம்மா போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. நூலகத்திலிருந்து பழைய கட்டுரை ஒன்றின் நகலை எடுத்துவந்து, வரி வரியாகத் தமிழில் விளக்கினார். 1967-ல் எலியட் வெசெல் என்ற அமெரிக்க மருந்தியல் அறிஞர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. செஞ்சீடர், பைன் போன்ற மென்மரச் சீவலில் வளர்த்த எலிகளின் கல்லீரலில், மருந்தைச் சிதைக்கும் நொதிகள் கூடிவிடுகின்றன, அதனால் தூக்க மருந்து சீக்கிரம் கரைந்துபோகிறது என்று அவர் கண்டிருந்தார். பீச், பர்ச், மேப்பிள் போன்ற வன்மரச் சீவலில் அப்படி இல்லை. நான் நல்ல மணம் என்று நினைத்தது எலியின் கல்லீரலுக்கு ராத்திரி பகலாக வேலை வைத்திருக்கிறது. அந்த இரண்டு மூட்டையையும் அன்றைக்கே தூக்கிப்போட்டேன். அதற்குப் பிறகு இந்த வேலையில் எனக்கு ஒரே விதி: மணக்கும் எதையும் எலிக்கு அடியில் போடக்கூடாது. நம் மூக்குக்கு இதமாக இருப்பது அதற்கும் இதமாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கடையில் எலுமிச்சை வாசனை, லாவெண்டர் வாசனை என்று விற்கும் கூளத்துக்கும் இதையேதான் சொல்வேன்.

சா மில்லில் அள்ளிவரும் மரத்தூள் வேண்டவே வேண்டாம். தூள் மூச்சில் ஏறும். எலிக்கு மூச்சுக்குழல் நோய் எளிதாக வரும், வந்தால் எளிதில் போகாது. கையில் எடுத்துக் காதருகே வைத்தால் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும் எலிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவை அதிக நாள் இருந்ததில்லை. ஆசாரியிடம் இழைப்புச் சீவல் வாங்கலாமே என்று கேட்பார்கள். முன்பு என்றால் சரி. இப்போது பட்டறைக்குப் பட்டறை பிளைவுட், எம்.டி.எஃப். பலகை. அறுக்கும்போது விழுவதில் பசையும் கலந்திருக்கும், அந்தப் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு. எந்த மரம், பாலிஷ் பட்டதா, பூச்சி மருந்து அடித்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

உமி நம் ஊரின் பொருள், விலையும் மலிவு. ஆனால் ஆலையிலிருந்து வருவதை அப்படியே கொட்டினால் தூசி பறக்கும், நுனி குத்தும், நீரையும் அவ்வளவாக உறிஞ்சாது. அலசி, மொட்டைமாடியில் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, அடியில் ஒரு விரற்கடை போடலாம். வைக்கோலை மட்டும் போட்டால் ஈரம் நிற்கும், பொடியாக நறுக்கி மற்றதோடு கலந்தால் சுரங்கம் சரியாமல் தாங்கும். பஞ்சு வைக்கிறார்கள். மெத்தென்று இருக்குமே என்ற அன்பில் வைப்பதுதான், ஆனால் பஞ்சு இழையும் நூலும் குட்டியின் காலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று கால் போய்விடும். துணிக் கிழிசலுக்கும் அதே ஆபத்துதான்.

எனக்குப் பிடித்தது தாள். பாளையங்கோட்டையில் நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்யும் இடங்களில் ஓரம் வெட்டிய வெள்ளைத் தாள் கீற்றுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மை படாத தாள், பளபளப்புப் பூச்சு இல்லாத தாள். பழைய பேப்பர் எடைக்குப் போடுவார்கள், கேட்டால் அதே விலைக்குத் தருவார்கள். அதோடு முட்டை அட்டையைப் பிய்த்துப் போட்டால் ஈரத்தை நன்றாக இழுக்கும். வெயிலில் காய்ந்த அருகம்புல் ஒரு கைப்பிடி, வாசனை இல்லாத டிஷ்யூ தாள் நாலு. டிஷ்யூவை நீங்கள் கிழித்துப் போட வேண்டாம். முழுதாக வையுங்கள். கிழிப்பது எலியின் வேலை, அதற்கு அது பிடிக்கும்.

ஆழம் எவ்வளவு? அரை அடிக்குக் குறையாமல் ஒரு பக்கமாவது இருக்கட்டும். மறுபக்கம் குறைவாக இருக்கலாம். இவ்வளவா என்று பிள்ளையின் அம்மா கேட்டாள். தாள்தானேம்மா, கொட்டு என்றேன்.

பெட்டி விஷயத்தில் நான் கடைக்கூண்டுகளை நம்புவதில்லை. பாத்திரக் கடையில் துணி போட்டு வைக்க விற்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ளது, இரண்டு மூன்று பெண் எலிகளுக்குப் போதும். மூடியின் நடுப்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, இரண்டு பக்கச் சுவரிலும் மேல்பாதியில் சன்னல் போலச் சதுரம் வெட்டி, கால் அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை வெளிப்பக்கமாக வைத்து நட்டு போல்ட்டில் முடுக்க வேண்டும். கண் அதைவிடப் பெரிதாக இருந்தால் குட்டி வெளியே போய்விடும். தலை நுழைந்தால் உடம்பு முழுக்க நுழையும் உயிர் அது. இந்த வேலையைத் தெருமுனை வெல்டிங் பட்டறைத் தம்பி அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்.

சிலர் கண்ணாடி மீன்தொட்டியில் வளர்க்கிறார்கள். இணையத்தில் பார்த்து வருவது அது. குளிர் நாடுகளில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு அது பொருந்தலாம். அந்த ஊர் ஆய்வுக்கூடங்களில் எலிக்குக் குளிருகிறது என்பதால், ஒவ்வொரு தொட்டியிலும் எட்டுப் பத்து கிராம் தாள் கொடுத்து அதுவே கூடு கட்டிச் சூடேற்றிக்கொள்ளட்டும் என்று ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். நம் பிரச்சினை நேர் எதிர். ஆய்வுக்கூட எலிக்கு 20 முதல் 26 டிகிரி என்று கணக்கு. பாளையங்கோட்டையில் வைகாசியில் 38, 39 டிகிரி. எலிக்கு வேர்க்காது. நாயைப் போல நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கவும் தெரியாது. எச்சிலை ரோமத்தில் தடவிக்கொண்டு அது காய்வதில்தான் குளிர்ச்சி. நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த தொட்டியில் காற்று நின்றுபோய், புழுக்கம் ஏறி, அந்த எச்சிலும் காயாது. மூத்திரத்தை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்கும் வேலையும் ஈரத்தில் வேகமாக நடக்கும். மேலே நிற்கும் நமக்கு நெடி தெரிவதற்கு முன்பே கீழே மூக்கை வைத்துக்கொண்டிருக்கும் எலிக்குத் தொண்டை எரிந்திருக்கும்.

வெயிலுக்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. சின்ன மண்சட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, ஈரம் சொட்டாமல் துடைத்து, பெட்டியின் கூளம் குறைந்த பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். வாய்ப்பக்கம் நுழைய ஒரு ஓட்டை இருக்க வேண்டும். மதியம் போய்ப் பாருங்கள், இரண்டும் அதற்குள் நீட்டிப் படுத்திருக்கும். பழைய நாட்டு ஓடு ஒன்றும் போதும். மறுபக்கம் ஆழக் கூளத்தில் ஒரு சிரட்டை. கண் இருக்கும் பக்கம் கொஞ்சம் பெரிதாக ஓட்டை போட்டு, வெளியே ஒட்டியிருக்கும் நாரைச் சுரண்டிவிட்டுக் கவிழ்த்தால், அதைவிட நல்ல எலி வீட்டை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது. கடித்தாலும் கெடுதல் இல்லை, அழுக்கானால் தூக்கிப்போட்டு அடுத்த சட்னி அரைக்கும்போது இன்னொன்று. வேண்டும்போது குளிர்ச்சி, வேண்டும்போது கதகதப்பு, இரண்டுக்கும் இடையில் அதுவே போய்வரட்டும். மின்விசிறிக் காற்று நேராக அடிக்க வேண்டாம். மின்தடை நேரத்தில் ஐஸ் போட்ட பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே சாய்த்து வைத்தால் தாங்கும்.

நம் ஊரில் எலி வளர்ப்பவர்கள் எறும்பை மறக்கக்கூடாது. குட்டி போட்ட தாயின் தொட்டியில் ஒரே ராத்திரியில் செவ்வெறும்பு ஏறி, காலையில் நான் பார்த்த காட்சியை இங்கே எழுத விரும்பவில்லை. பெட்டியை ஒரு ஸ்டூல்மேல் வைத்து, ஸ்டூலின் கால் நாலும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இருக்கட்டும். எறும்புச் சாக்கட்டி பெட்டிக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

எங்கே வைப்பது என்பதும் வீட்டைச் சேர்ந்ததுதான். வெள்ளை எலியின் சிவந்த கண்ணுக்குப் பளீர் வெளிச்சம் ஆகாது, நாள்பட்டால் விழித்திரையே கெடும். டி.வி. இருக்கும் அலமாரி வேண்டாம். நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், சுண்டெலிக்கு அதைப்போல நாலு மடங்குக்கு மேல். சார்ஜரிலும் டியூப்லைட்டிலும் நமக்குக் கேட்காத இரைச்சல் இருந்தால் அதன் காதில் விழும். எங்கள் தெருப் பிள்ளையின் வீட்டில் புத்தக அலமாரிக்குக் கீழே, சன்னலுக்கு எதிர்ச் சுவரில் இடம் கண்டுபிடித்தோம்.

ஓடும் சக்கரம் ஒன்று வேண்டும். அடைத்து வைத்ததால் பைத்தியம் பிடித்து ஓடுகிறது என்று நானும் நினைத்ததுண்டு. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் திறந்தவெளியில் சக்கரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2014-ல் வெளியானது. யாரும் பிடிக்காத காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடிவிட்டுப் போயிருக்கின்றன. அதற்கு அது பிடித்திருக்கிறது. கம்பிச் சக்கரம் வாங்காதீர்கள், காலும் வாலும் மாட்டும். ஓடுபாதை மூடியதாக, ஒரு சாண் குறுக்களவு இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் முதுகு வளைந்தே ஓடும்.

இனி கூளம் மாற்றுவது. ‘சுத்தம்’ என்ற பெயரில் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டி, டெட்டால் ஊற்றிக் கழுவி, புதுசாகப் போடுகிறார்கள். எலிக்கு வாசனைதான் முகவரி. அந்த முகவரியை மொத்தமாக அழித்தால் மறுபடி மூத்திரம் பெய்து எழுதும், ஆண்கள் சேர்ந்திருந்தால் சண்டை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் கண்டு சொன்னதை நாங்கள் கல்லூரியில் கடைப்பிடித்தோம்: நனைந்த கூளத்தைத் தூக்கிப்போடு, காய்ந்த பழைய கூட்டை மட்டும் புதுப் பெட்டிக்குக் கொண்டுபோ. கூட்டின் வாசனை சண்டையைக் குறைக்கிறது, மூத்திரக் கூளத்தின் வாசனை கூட்டுகிறது. ஒதுங்கும் மூலை எது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். அந்த மூலையை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் அள்ளுங்கள். மொத்தக் கூளத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் மூன்றில் இரண்டு பங்கு.

“ஜோடியாத்தான் குடுப்போம்” என்கிற கடைக்காரர்களிடம் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் 19 முதல் 21 நாளில் குட்டி. ஒரு ஈட்டில் ஆறு, எட்டு, பத்து. போட்ட அன்றைக்கே மறுபடி சினையாகும். அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் தாங்களும் பெற்றோராகும். எவ்வளவு பெரிய பெட்டி வாங்கினாலும் மூன்று மாதத்தில் அது சந்தை நாள் பஸ் போலாகிவிடும். அப்புறம் “எலியை வயல்ல விட்டுட்டோம் ஆச்சி” என்று வந்து சொல்வார்கள். வெள்ளை எலியை வயலில் விடுவது ஆந்தைக்கு விருந்து வைப்பது. இரண்டு பெண், அல்லது மூன்று பெண். ஆண் என்றால் தனியாக, நிறையக் கூளத்தோடு, நிறைய வேலையோடு. வாலடியில் இரண்டு துவாரங்களுக்கும் இடையே தூரம் அதிகமாக இருந்தால் ஆண். இதைப் பார்க்கத் தெரியாதவர் எலி விற்கக் கூடாது. நல்லவேளை, எங்கள் பிள்ளை கொண்டுவந்த ஜோடி இரண்டுமே பெண்.

சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனை, முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டரோடு எலிகளும் சேர்ந்தே இருக்கின்றன. கடை நடத்த மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எந்தெந்த உயிரை எப்படி வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாது, வந்து பார்க்கவும் ஆள் வேண்டும். ஆய்வுக்கூட எலிக்காக 1998-ல் விதிகள் வந்த பிறகு எங்கள் கல்லூரிக்கு ஆள் வந்து பார்ப்பது வழக்கமானது. ஒருமுறை வந்த அம்மா ஒருவர் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் நேராகத் தொட்டிக்குள் கையைவிட்டு, உமியை அள்ளி, ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். அந்தக் கை கடைகளுக்கும் வர வேண்டும். எலி விற்கும் கடையில் கம்பித் தரைக் கூண்டை எலிக்கென்று விற்கக்கூடாது. ஒரு எலி கொடுத்தால் அதோடு ஒரு பை கூளமும், தமிழில் அரைப்பக்கக் குறிப்பும் கொடுக்க வேண்டும். இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வாரியத்தை வேண்டிக் கேட்கிறேன். அரைப்பக்கக் குறிப்பை எழுதித்தர நான் தயார்.

அந்த ஜோடியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். பெட்டி தயாரான அன்று ராத்திரி எட்டு மணிக்கு இரண்டையும் உள்ளே விட்டோம். பிள்ளை டார்ச்சுக்குச் சிவப்பு சாக்லெட் தாளைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். சிவப்பு வெளிச்சம் எலிக்குச் சரியாகத் தெரியாது என்று சொல்லியிருந்தேன். முதல் ஐந்து நிமிடம் இரண்டும் விட்ட இடத்திலேயே நின்றன. கால் வீங்கிய எலி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. கம்பிக்குப் பழகிய நடை. தரை பொதுபொதுவென்று அமுங்க, காலை வெடுக்கென்று எடுத்தது. பிறகு மூக்கைத் தாளுக்குள் நுழைத்தது. முன்னங்கால் இரண்டும் வேகம் பிடித்தன. தோண்டிய தாள் பின்னால் வந்து விழ, பின்னங்காலால் உதைத்து உதைத்துத் தள்ளியது. தலை போய், முதுகு போய், கடைசியில் வால் நுனி மட்டும் வெளியே தெரிந்து, அதுவும் உள்ளே போய்விட்டது.

“ஆச்சி, காணாமப் போச்சு” என்று பிள்ளை கிசுகிசுத்தாள். அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் ஓரச் சுவரை ஒட்டிச் சுரங்கம் போவது பிளாஸ்டிக்குக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. தாள் அசையும், நிற்கும், மறுபடி அசையும். இரண்டாவது எலி ஒரு டிஷ்யூவை மூலையில் கடித்து இழுத்துக்கொண்டு சிரட்டைக்குப் போனது. ஓட்டையில் டிஷ்யூ மாட்டிக்கொண்டது. உள்ளிருந்து இழுத்துப் பார்த்தது. வரவில்லை. வெளியே வந்து சுற்றிப்பார்த்து, டிஷ்யூவை இரண்டாகக் கிழித்து, பாதியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபாதிக்கு வந்தது. காலையில் பார்க்கும்போது சிரட்டையின் வாசலைத் தாளால் அடைத்து, உள்ளே இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தனவாம். கால் வீக்கம் வற்ற மூன்று வாரம் ஆனது.

நேற்று அந்தக் கடைப்பக்கம் போனேன். அதே மாதிரிக் கம்பித் தரைக் கூண்டில் பதினாலு எலிகள். கடைக்காரரிடம் பேசினேன், பொறுமையாகத்தான் கேட்டார். “தாள் எங்கம்மா கிடைக்கும்?” என்றார். பைண்டிங் கடையில் ஒரு மூட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். புதன்கிழமை தருவார்கள்.